ஓடாத வண்டிக்கு ஓர் உரிமைக்காரி

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை இந்தக் குடும்பத்தில் ஒரு பேரம் முடிந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் சாரி ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் இராமலெட்சுமி, பெற்றோல் இல்லாமல் கரண்டில் ஓடும் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவிட்டாள். அவளுடைய கணவர் சுந்தரலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை.

சுந்தரலிங்கம் வெள்ளவத்தையில் எவர்சில்வர் கடை வைத்திருப்பவர். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாதவர். அதனால் மனைவியையும் ஒரேயடியாக மறுக்காமல், ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டலாம். அதற்குள் ஒரு தடவை நடுறோட்டில் நின்றாலும், வாங்கின கடைக்கே வண்டி திரும்பிப் போய்விடும்.

இராமலெட்சுமி சம்மதித்தாள். பஸ்ஸில் போனால் செக் பொயின்ட்டுக்குச் செக் பொயின்ட் எல்லாரையும் இறக்கி நடக்கவைத்து மறுபடி ஏற்றுவார்கள். மடிப்புக் கலையாமல் எடுத்துப்போன ஜாக்கெட், வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரும்போது கசக்கிப் பிழிந்த துணியாகிவிடும். நல்ல கூலி கொடுக்கும் பெண்களெல்லாம் வெள்ளவத்தையில்தான் இருந்தார்கள். கணவரோ அவள் எடுத்துக் கொடுக்கும் பொட்டலங்களை மூன்று நாளைக்குத் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து மறந்துவிடுவார். ஸ்கூட்டர் வந்த பிறகுதான் அவள் தொழில் அவள் கைக்கு வந்தது. ஸ்கூட்டர் போனால் அதுவும் போகும்.

இன்று வெள்ளிக்கிழமை.

நிபந்தனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒரு நடுவர் வேண்டும் அல்லவா? அவர் பின் சீட்டில் இருந்தார். சுந்தரலிங்கத்தின் தகப்பனார் பெரியதம்பி. முடி கறுப்பாயிருந்த காலம் முதல் புறக்கோட்டையில் துணி விற்றவர். வேட்டி கட்டியிருந்ததால் கால்களை இரண்டு பக்கமும் போட முடியவில்லை. ஆகவே பெண்பிள்ளைகள் உட்காருவதுபோல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் குடையும் மறுகையில் மருமகளின் ஜாக்கெட் பொட்டலமுமாக, தலையில் ஹெல்மெட்டோடு வந்துகொண்டிருந்தார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

வண்டி நின்றால் உடனே மகனுக்குப் போன் எடுத்துச் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறாத வியாபாரி என்று அவருக்குச் சந்தையில் பெயர். அந்தப் பெயரை நினைத்துத்தான் இராமலெட்சுமி ஒவ்வொரு குழியையும் சுற்றிச் சுற்றிப் போனாள்.

கொள்ளுப்பிட்டி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பம்பலப்பிட்டிக்குக் கொஞ்சம் முன்னால் செக் பொயின்ட். ஒரு சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினான். ஐடென்டி கார்டை வாங்கிப் பார்த்தான், எங்கே போகிறீர்கள் என்று கேட்டான், திருப்பிக் கொடுத்தான், போகச் சொன்னான். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

இராமலெட்சுமி கைப்பிடியை முறுக்கினாள். வண்டி அசையவில்லை.

மறுபடி முறுக்கினாள். சாவியை மூடித் திறந்தாள். முன் லைட் எரிந்தது, ஹோர்ன் அடித்தது. மோட்டார் மட்டும் மூச்சு விடவில்லை.

செக் பொயின்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நின்றுகொண்டே இருப்பதை, குண்டுகள் வெடித்த அந்த யுத்த காலத்தில் எந்தச் சிப்பாயும் விரும்புவதில்லை. போகச் சொன்னவன் திரும்பி வந்தான். சீட்டைத் தூக்கச் சொன்னான். அவள் தூக்கினாள்.

உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து சிவப்பிலும் கறுப்பிலும் தடித்த வயர்கள். கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம் ஒரு சிப்பாய்க்குத் திறந்து காட்டக்கூடிய பொருள்களில் அதைவிட மோசமானது இல்லை. சிப்பாய் ஓர் அடி பின்னால் வைத்தான். அவன் கை தோளில் தொங்கிய துவக்கின் பட்டியைத் தேடியது. மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த இன்னொருவன் எழுந்து நின்றான்.

பேசியவர் பெரியதம்பி. அவருக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அது கடைச் சிங்களம். ஆயுள் முழுக்க அந்த மொழியில் அவர் சாமான் விற்றிருக்கிறாரே தவிர, உயிர்ப்பிச்சை கேட்டதில்லை. பயத்தில் வாய்க்கு வந்தது பழக்கப்பட்ட வாசகம்தான்.

"ஹொந்த படு, மஹத்தயா," என்றார். "லாபய்."

நல்ல சாமான் ஐயா, மலிவு.

சிப்பாய் ஒரு கணம் அவரைப் பார்த்தான். ஹெல்மெட், வேட்டி, குடை, மார்போடு அணைத்த ஜாக்கெட் பொட்டலம். பிறகு சிரித்துவிட்டான். மற்றவனைக் கூப்பிட்டு, கிழவர் வண்டியை நம்மிடமே விற்கப் பார்க்கிறார் என்றான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பெட்டரி என்று விளங்கியது. ஒருவன் விலைகூடக் கேட்டான். இங்கே நிற்க வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மருந்துக் கடையின் முன்தகரத்துக்குக் கீழே வண்டியை ஒதுக்கினார்கள். இராமலெட்சுமி ஸ்டாண்டைப் போடுவதற்குள், பெரியதம்பி இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

"மாமா, கொஞ்சம் பொறுங்க," என்றாள் அவள்.

"சொன்ன சொல்லு, மகள்," என்றார் அவர். அழுத்தினார். "தம்பி. நின்டு போச்சு."

மறுமுனையில் சுந்தரலிங்கம் துக்கப்பட முயன்றது இவளுக்கே கேட்டது. ஆள் பத்திரமா என்று முதலில் கேட்டார், அது உண்மையான கேள்வி. பெரியதம்பி செக் பொயின்ட் கதையையும் சொன்னார். அடுத்த மூச்சில், நான் இப்பவே ஸ்கூட்டர் கடைக்குப் போய்க் கதைக்கிறேன் என்றார். அதில் இருந்த சுறுசுறுப்பு, தீபாவளிக்கு முதல்நாள் கடை திறக்கும்போது இருக்கும் சுறுசுறுப்பு.

இராமலெட்சுமி தன் போனை எடுத்து ஸ்கூட்டர் கடை ஹாஷிமுக்கு அடித்தாள். கணவர் அங்கே போய்ச் சேருமுன் வண்டி ஓடிவிட வேண்டும். ஓடினால் சண்டை பிடிக்கவாவது ஒரு காரணம் மிஞ்சும்.

இதற்கிடையில் மருந்துக் கடைக்கு ஒதுங்கியவர்களெல்லாம் வைத்தியர்களானார்கள். மோட்டார் எரிந்திருக்கும் என்றான் ஒரு திரீவீல்காரன். மழைத் தண்ணீர் போயிருக்கும் என்றார் ஒருவர். பெற்றோல் இருக்கிறதா என்று மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். இது பெற்றோலில் ஓடுவதில்லை என்று பெரியதம்பி விளக்கியதும், அதுதான் நின்றுவிட்டது என்று மூவரும் ஒரே மாதிரித் தலையாட்டினார்கள்.

ஹாஷிம் அவசரத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை அல்லவா, ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் விற்ற சாமானுக்கு உத்தரவாதம் கொடுத்த மனிதர், ஒழுங்காகத்தான் விசாரித்தார். லைட் எரிகிறதா? எரிகிறது. ஹோர்ன்? அடிக்கிறது. மீட்டர் முள் எங்கே நிற்கிறது? மேலே.

"அப்ப பெட்டரி நல்லா ஈக்கி. ஸீட்டுக்குக் கீழ வயர் ஏதும் கழண்டீக்கா?"

அவள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எதுவும் கழன்றிருக்கவில்லை.

"பிரேக்கைப் புடிச்சிக்கிட்டு முறுக்குறீங்களா மகள்? பிரேக் இம்மி அமுங்கினாலும் மோட்டருக்குக் கரண்ட் போகாது. பாதுகாப்புக்கு அப்பிடித்தான் செஞ்சீக்கி."

"பிரேக்ல நான் கையே வைக்கல்ல, ஹாஷிம் நானா."

"அப்ப கன்ட்ரோலர் பெட்டி போயீக்கும். தொழுதுட்டு வந்து பாப்பம்," என்று வைத்துவிட்டார்.

கன்ட்ரோலர் பெட்டி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் கடைக்காரர் ஒரு பொருளின் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டால், அது விலை கூடியது என்று மட்டும் தெரியும்.

மழை விட்டது. வேறு வழியில்லை, வெள்ளவத்தைப் பக்கமாகத் தள்ளினார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பெரியதம்பி பின்னால் சீட்டில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினார். தள்ளிக்கொண்டே புலம்பினார். வேட்டி சேறாகிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் வேர்க்கிறது. போதாததற்கு இந்த லைட் வேறு மூஞ்சியில் அடிக்கிறது.

இராமலெட்சுமி நின்றாள். "எந்த லைட்டு மாமா?"

"பின்னால சிவப்பா எரியுதே, இது."

"அது பிரேக் புடிச்சா மட்டுந்தான் எரியும்."

"நீ புடிச்சிருக்க மாட்டியா?"

அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தாள். இடப்பக்கப் பிரேக் கம்பியையும் கைப்பிடியையும் சேர்த்துச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு. காலையில் புறப்படுமுன் கொட்டாஞ்சேனைக் கோவிலில் வண்டிக்குப் பூசை செய்திருந்தார்கள். ஐயர் கட்டிய கயிறு கண்ணாடித் தண்டில் இருந்தது. இது அதுவல்ல. இது பருத்தி முறுக்குக் கயிறு. மழையில் ஊறிச் சுருங்கி, பிரேக் கம்பியை இறுக்கி இழுத்து வைத்திருந்தது. பிரேக் கட்டை சக்கரத்தில் பிடிக்கும் அளவுக்கு இல்லை. கரண்டை வெட்டும் அளவுக்கு.

துணியோடு பிழைப்பவளுக்கு நனைந்த நூல் என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இத யாரு மாமா கட்டினது?"

பெரியதம்பி குடையை விரித்தார். மழை இல்லை. மடித்தார்.

"ஐயர் கட்டினது சும்மா அழகுக்கு," என்றார் கடைசியில். "கண்ணாடிக்குக் காப்புக் கட்டி என்ன பிரயோசனம்? ஆளக் காப்பாத்துறது பிரேக். அதான் நான் தனியா ஒண்ணு வாங்கி, மந்திரிச்சு, அதுல கட்டினேன். நிக்க வேண்டிய எடத்துல வண்டி நிக்கணுமே."

"நின்டுச்சு மாமா."

வீட்டில் எல்லாருக்கும் முன்னால், பொம்பளைக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று மூன்று கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் இவர்தான். அதே மனிதர் யாருக்கும் தெரியாமல் கயிறு வாங்கியிருக்கிறார். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருப்பார், பிறகு அதைக் காப்பாற்ற இன்னும் மூன்று கிழமை எதிர்த்திருப்பார்.

கைப்பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தாள். பெரியதம்பி அவள் கையைப் பிடித்தார். மந்திரித்த காப்பை இடைநடுவில் அறுக்கக்கூடாது. ஈர முடிச்சோ நகத்தால் அவிழ்க்கும் நிலையில் இல்லை. ஆகவே அவர் நடைபாதையிலேயே கோவில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, பிள்ளையாரோடு பேரம் பேசினார். ஒரு தேங்காயில் தொடங்கினார். பிள்ளையார் பதில் சொல்லவில்லை. எதிராளியின் மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்வது வியாபாரிகளின் வழக்கம், இரண்டாக்கினார். பிறகும் மனம் ஆறவில்லை. தேங்காய் விற்கும் விலையைத் தாமே பிள்ளையாருக்கு எடுத்துச் சொல்லி, இரண்டும் ஒரு சூடமும் என்று முடித்தார்.

"வெட்டு," என்றார்.

கயிறு அறுந்ததும் பிரேக் கம்பி டக்கென்று கைப்பிடியை விட்டு விலகியது. சிவப்பு விளக்கு அணைந்தது. இராமலெட்சுமி ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை மெதுவாக முறுக்கினாள். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. வாழ்க்கையில் அவளுக்கு அவ்வளவு இனிமையாக எந்தச் சத்தமும் கேட்டதில்லை.

பெரியதம்பி ஏறினார். ஒரு பக்கமாகத்தான். வெள்ளவத்தை எல்லைக்கு வந்தபோது அவள் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தாள்.

சுந்தரலிங்கத்தின் குரலில் தேன் ஒழுகியது. அதிர்ஷ்டத்தைப் பார், ஹாஷிமின் கடை வாசலில் ஒரு மனிதர் இதே ஸ்கூட்டர் கேட்டு வந்து நிற்கிறார். புதுச் சரக்கு இன்னும் கப்பலில் கிடக்கிறது. நம்முடைய வண்டியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்கிறார். ஆள் எடுத்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ள ஹாஷிமும் சம்மதம். தொழுகை முடிந்து அவர் வந்ததும் கை மாற்றிவிடலாம்.

"நடுறோட்டில நின்ட கதைய வாங்க வந்தவர்ட்ட நான் சொல்லல்ல. நீயும் வாயத் தொறக்காத. இப்ப ஓடுதா, இல்லையா?"

"வந்து காட்டுறேன்," என்று வைத்தாள்.

வண்டி சும்மா கயிற்றால்தான் நின்றது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்தது. கயிற்றால் நின்றாலும் நின்றது நின்றதுதான் என்பார் கணவர். ஓடுகிற வண்டி என்றால் வாங்க வந்தவருக்கு இன்னும் சந்தோசம். கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஹாஷிமின் கடைக்கு ஒரு சந்தி முன்னால் அவள் வண்டியை நிறுத்தினாள்.

"இறங்குங்க மாமா. இனித் தள்ளுவம்."

"ஏன், ஓடுதே."

"அதான்."

பெரியதம்பி அவள் முகத்தைப் பார்த்தார். புறக்கோட்டையில் அவர் கடையில் சில சேலைகள் இருக்கும். யாருக்கோ என்று மனதில் எடுத்து வைத்தவை. வேறொருவர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே. எடுத்து விரிப்பார், ஆனால் சாயம் ஊறின பக்கத்தை மேலே போட்டு விரிப்பார். வந்தவர் தானாகவே வேண்டாம் என்பார். இந்த வித்தையை மருமகளுக்கு அவர் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை.

அவர் இறங்கி, பின்னால் போய்ச் சீட்டில் கையை ஊன்றினார்.

பூட்டியிருந்த கடை வாசலில் சுந்தரலிங்கமும் ஒரு மெலிந்த மனிதரும் நின்றார்கள். காற்சட்டை, மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட், மூக்கு நுனியில் கண்ணாடி. நுகேகொடையிலிருந்து வந்திருக்கும் றேமண்ட் என்று சுந்தரலிங்கம் அறிமுகப்படுத்தினார். தள்ளப்பட்டு வரும் வண்டியைக் கண்டதும் அவர் அறிமுகம் பாதியில் தேய்ந்தது.

"ஏன் தள்ளுறீங்க?" என்று றேமண்ட் மரியாதையாகக் கேட்டார்.

"நீங்களே பாருங்களேன் சேர்," என்றாள் இராமலெட்சுமி.

ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். வலக்கையால் கைப்பிடியை முறுக்கினாள், நன்றாக, முழுசாக. இடக்கைச் சுண்டுவிரல் பிரேக் கம்பியில் பட்டும் படாமலும் படுத்திருந்தது. வண்டி கல்லாக நின்றது.

பின்னால் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரிந்ததா என்று யாரும் பார்க்க முடியவில்லை, ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில் பெரியதம்பிக்கு வெயில் தாங்கவில்லை. குடையை விரித்து வண்டியின் பின்பக்கத்தை முழுவதும் மறைத்தபடி, அதில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

றேமண்ட் ஹோர்னை அமுக்கிப் பார்த்தார். கணீரென்று அடித்தது.

"ஹோர்ன் நல்லா ஓடுது," என்றார். பிறகு சுந்தரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர், இத நீங்க எனக்குச் சொல்லல்லியே."

சின்ன ரிப்பேர்தான் என்றார் சுந்தரலிங்கம். ஹாஷிம் ஒரு நிமிசத்தில் பார்த்துக் கொடுப்பார் என்றார். விலையில் கொஞ்சம் குறைக்கவும் முன்வந்தார், அது அவருடைய சாமானே இல்லை என்றாலும். றேமண்ட் கேட்கவில்லை. கப்பல் வரும்வரை பொறுத்திருப்பதாகச் சொன்னார். போகிற வழியில் பள்ளிவாசலடியில் ஹாஷிமைக் கண்டு, இந்த வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கும் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னார். நேர்மையான மனிதர்களால் வரும் தொல்லைகளுக்கு அளவில்லை.

அவர் போனபின் சுந்தரலிங்கம் கடைப் பலகையைப் பார்த்தார். விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று அதில் எழுதியிருந்தது. அவருடைய எவர்சில்வர் கடையிலும் அதே வாசகம்தான், எழுதியவரும் ஒரே ஆள்தான். வாங்க ஆள் இருந்ததால்தான் ஹாஷிம் இணங்கினார். ஆள் போய்விட்டார். ஓடுகிற வண்டியைக் கைமாற்றலாம், ஓடாத வண்டி வாங்கியவளுக்கே சொந்தம். இது சுந்தரலிங்கம் வாழ்நாள் முழுக்கப் பின்பற்றிய சட்டம். அதை அவர் எப்படி எதிர்ப்பார்?

இராமலெட்சுமி நிலத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

அவர் அவளைத் திட்டவில்லை. தகப்பனாரின் சேறு படிந்த வேட்டியைப் பார்த்தார். மனைவியின் நனைந்த தோளைப் பார்த்தார்.

"பம்பலப்பிட்டியில இருந்தா தள்ளிக்கிட்டு வந்தீங்க அப்பா?"

"வேற எப்பிடி வர்றது?" என்றார் பெரியதம்பி. கேள்வியாகச் சொன்னால் அது பொய்யில் சேராது என்பது அவருடைய கணக்கு.

சுந்தரலிங்கம் சேர்ட் கையை மடித்தார்.

"நிபந்தனைய விடு," என்றார் மனைவியிடம். "செக் பொயின்ட்ல பெட்டரியத் தொறந்து காட்டினீங்களாமே, அப்பா சொன்னார். அதக் கேட்டதில இருந்து எனக்கு இங்க கை ஓடல்ல. யாருக்காவது குடுத்துத் தொலச்சாப் போதும்னு இருந்திச்சு." கைப்பிடியைப் பிடித்தார். "சரி. இருக்கட்டும். பம்பலப்பிட்டியில நம்மட சாமான் லொறி நிக்கிது, அதில ஏத்திக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்புவம். நீ கையெடு, நான் தள்ளுறேன்."

கடைக் கணக்கப்பிள்ளைக்குப் போனில் சொல்லிவிட்டு, போனைச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, எவர்சில்வர் முதலாளி காலி வீதியில் ஸ்கூட்டர் தள்ளத் தொடங்கினார். தெரிந்தவர்கள் கடைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தே நடந்தார். வண்டி பாரமில்லை, ஓடினால் நல்ல வண்டியாகத்தான் இருந்திருக்கும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

பத்துப் பாகத் தூரம் பின்னால் மாமனாரும் மருமகளும் நடந்தார்கள். பள்ளிவாசல் பக்கமிருந்து வெள்ளைத் தொப்பிகள் கும்பல் கும்பலாக வந்துகொண்டிருந்தன. தொழுகை முடிந்துவிட்டது. றேமண்ட் இந்நேரம் ஹாஷிமைக் கண்டிருப்பார். லைட் எரிகிறது, ஹோர்ன் அடிக்கிறது, மோட்டார் மட்டும் ஓடவில்லை என்று கேட்டதும், அந்தப் பொம்பளையின் விரல் எங்கே இருந்தது என்றுதான் ஹாஷிம் முதலில் கேட்பார். அடுத்ததாகச் சுந்தரலிங்கத்துக்குப் போன் எடுப்பார்.

முன்னால் நடக்கும் கணவரின் சேர்ட் முதுகு முழுவதும் வேர்வையில் ஒட்டியிருந்தது. இராமலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"பாவம் மாமா," என்றாள் மெல்ல. "சொல்லிருவமா?"

பெரியதம்பி மகனின் முதுகை அளவெடுப்பதுபோல் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளட்டும்," என்றார்.